இடது அறைக்கு வந்த குமிழிகள்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய், கிடங்கில் பெட்டி இறக்குகிற வேலை பழகிவிட்டது, இருமல்கூட இல்லை என்று உன் அறைத் தோழர் போனில் சொன்னார். அதனால் நலமா என்று கேட்கப் போவதில்லை. நான் கூப்பிட்டால் எடுக்காதவனிடம் நலம் விசாரித்து என்ன ஆகப்போகிறது? முகவரி கொடுத்ததும் அவர்தான். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. நான் விடாமல் நச்சரித்தேன், மனிதர் தப்பித்தால் போதும் என்று சொல்லிவிட்டார்.

உன் அத்தான் நன்றாகத் தேறிவிட்டார். இடது கால் இப்போது இழுப்பதில்லை. பேச்சும் திரும்பிவிட்டது. சும்மா திரும்பவில்லை, வட்டியும் முதலுமாகத் திரும்பியிருக்கிறது. காலையில் ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. இடது கை விரல் நுனிகள் மட்டும் இன்னும் மரத்த மாதிரியே இருக்கிறதாம். சட்டைப் பொத்தானைப் போட்டுவிடலாம் என்று போனால் கையைத் தட்டிவிடுகிறார். எவ்வளவு நேரமானாலும் தானே போட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் முக்குளிப்புக் குழு ஆட்கள் அவருக்கு ஆமை என்று பேர் வைத்தது தண்ணீருக்குள் அவர் மெதுவாக வருவதைப் பார்த்து. வீட்டுக்குள் வந்து பார்த்திருந்தால் இன்னும் பெரிய பேராக வைத்திருப்பார்கள்.

பாப்பா தினமும் உன்னைக் கேட்கிறாள். மாமா வேலையாக வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அந்த ஊரில் கடல் இருக்கா என்று கேட்டாள். கடல், ஆறு, ஏரி எதுவும் கிடையாது என்றேன். தண்ணீர் இல்லாத ஊரில் மாமாவுக்கு என்ன வேலை என்று திருப்பிக் கேட்டாள்.

நீ ஏன் அந்த ஊரைத் தேடிப் பிடித்துப் போனாய் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷமாக அவர் அணை மதகுக்கும் பாலத் தூணுக்கும் அடியில் இறங்கிப் பழுது பார்ப்பார், நீ படகில் நின்று அவருடைய காற்றுக் குழாயையும் கயிற்றையும் பிடித்திருப்பாய். அன்றைக்கும் அப்படித்தான். மேகம் கறுத்து, படகு ஆட ஆரம்பித்திருந்தது. அவர் மேலே வந்து, உட்கார்ந்து, டீக் குவளையை வாங்கினார். அது கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வாய் கோணிப் பேச்சு குழறியதை முதலில் பார்த்தவன் நீ. அவரைத் தூக்கிக்கொண்டு, முக்குளிப்பவர்களுக்கு வைத்தியம் செய்கிற அழுத்த அறை உள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடியவனும் நீ. நீ ஓடியதால்தான் அவர் இன்றைக்குப் பொத்தான் போட அடம்பிடிக்கிறார்.

ஆனால் வராந்தாவில் நீ என்னிடம் கேட்டாய்: "எல்லாம் சரியாச் செஞ்சிருந்தா அவருக்கு ஏன்க்கா இப்படி ஆச்சு?"

ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தால் இரத்தத்தில் குமிழி கட்டி ஆளை விழுத்திவிடும் என்பது உங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவருடைய மணிக்கட்டிலிருந்த ஆழமானி, அவர் மேலே வரும் வழியில் நிற்க வேண்டிய இடத்திலெல்லாம் நின்று நிதானமாகத்தான் வந்திருக்கிறார் என்று காட்டியது. உங்கள் குழுத் தலைவர் அதையே சொன்னார், அழுத்த அறை டாக்டரும் சொன்னார். நீ அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. யாரோ ஒருவர், மேலே நின்றவன் மழைக்குப் பயந்து அவரை அவசரமாக ஏற்றியிருப்பான் என்று வாய்தவறிச் சொன்னதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாய். உன் அத்தான் கண்விழித்து நன்றாகப் பேசுகிற வரை இருந்துவிட்டு, மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டாய்.

இப்போது அழுத்த அறை டாக்டர் இவரை இதய டாக்டரிடம் போகச் சொல்லியிருக்கிறார். கைக்கும் காலுக்கும் வந்ததற்கு இதயத்தை எதற்குப் பார்க்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. இவ்வளவு கவனமாக இருந்தும் ஒருவருக்கு இப்படி வந்தால் அங்கே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுவது நல்லது என்றாராம். அடுத்த வாரம் போகிறோம். என்ன ஆனது என்று எழுதுகிறேன். நீ போனை எடுத்தால் இன்னும் சீக்கிரம் தெரியும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

என் தம்பிக்கு,

போய் வந்தோம். இதை எழுத உட்காரும்போது எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. நான் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து ஊராருடைய கண்ணுக்கு வில்லை தேய்க்கிறவள். பார்ப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்த அறையில் மூன்று பேர் பார்த்த பார்வையைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது.

சின்ன அறைதான். திரைச்சீலை இழுத்துவிட்டு அரை இருட்டாக வைத்திருந்தார்கள். கட்டில் மெத்தையில் ஒரு பக்கம் வெட்டி எடுத்திருந்தது. இடது பக்கமாகச் சாய்ந்து படுத்தால் அந்த இடைவெளி வழியாக மார்பில் கருவியை வைக்கலாம். எக்கோ எடுக்கிறவர் ஆள் நல்ல வாட்டசாட்டம், கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்தால் அறையில் பாதி அடைந்துவிடுகிறது. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வேலை பார்ப்பார். மார்பில் தடவுகிற பசையை வெந்நீர்க் குவளையில் நிறுத்திவைத்திருந்தார், சில்லென்று இருந்தால் ஆட்கள் துள்ளிவிடுவார்களாம். அவர் மூக்குக் கண்ணாடி நழுவி நழுவி வந்தது. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பையிலிருந்த குட்டித் திருப்புளியை எடுத்து இறுக்கிக் கொடுத்துவிட்டேன். உன் அத்தான் தலையில் அடித்துக்கொண்டார்.

முதலில் சாதாரணமாக எக்கோ எடுத்தார்கள். தம்பி, நான் திரையில் உன் அத்தான் இதயத்தைப் பார்த்தேன். நாலு அறை, நடுவில் சுவர், திறந்து மூடுகிற கதவுகள். ஒரு நொடி ஓயாமல் அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கிறது. இத்தனை வருஷமாக இந்த மனிதரோடு சண்டை போடும்போதெல்லாம் அது உள்ளே இப்படித்தான் உழைத்துக்கொண்டிருந்தது என்று நினைத்ததும் எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

அதற்குள் டாக்டரம்மா வந்தார். குள்ளமான உருவம், ஜலதோஷம் பிடித்துக் கட்டைக் குரல், முகக்கவசம் போட்டிருந்தார். படத்தைப் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் நான் தேடுவது இதில் தெரியாது என்றார். மேல் அறைகள் இரண்டுக்கும் நடுவே உள்ள சுவரில் மெல்லிய இடுக்கு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். இரத்தம் படத்தில் கறுப்பாகத்தான் தெரியும். இந்தக் கறுப்பு அந்தக் கறுப்போடு கலந்தால் யாருக்குத் தெரியும்? அதனால் உப்புநீரில் பொடிப்பொடிக் குமிழிகளை உண்டாக்கிக் கை நரம்பில் ஏற்றுவார்கள். குமிழி மட்டும் வெள்ளையாக மின்னும். அது எங்கே போகிறது என்று பார்த்தால் வழி தெரிந்துவிடும்.

உன் அத்தான் கட்டிலில் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "மதகுல கசிவு எங்கன்னு தெரியலைன்னா நாங்களும் சாயம் விட்டுத்தான் பார்ப்போம். சாயம் எந்தப் பக்கம் இழுக்குதோ அங்க விரிசல்."

டாக்டரம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. நாங்கள் சாயத்துக்குப் பதில் குமிழி விடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம் என்றார். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒரே பட்டறையில் வேலை பார்க்கிறவர்கள் மாதிரி பேசிக்கொண்டார்கள்.

நான்தான் குறுக்கே புகுந்தேன். குமிழியால்தானே இவர் விழுந்தார், மறுபடி குமிழியையே ஏற்றுகிறீர்களே என்று கேட்டேன். டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு பதில் சொன்னார். இது மிகச் சின்னது, மிகக் கொஞ்சம். சில நொடியில் கரைந்துவிடும். வலது பக்கமாக வந்து நுரையீரலுக்குப் போனால் அங்கே வடிகட்டப்பட்டுவிடும். எப்போதோ ஒருவருக்குச் சற்று நேரம் தலை சுற்றலாம், கண் மங்கலாம், அதற்குத்தான் நாங்கள் பக்கத்தில் இருக்கிறோம் என்றார். பயப்படாதீர்கள் என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் பயந்திருப்பேன். இப்படிச் சொன்னதும் பயம் போய்விட்டது.

நர்ஸ் இரண்டு சிரிஞ்சை ஒரு சின்னக் குழாய்த் திருகில் மாட்டினார். ஒன்றில் உப்புநீர், அதோடு கொஞ்சம் காற்று, உன் அத்தானுடைய இரத்தமே ஒரு துளி. இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் படபடவென்று தள்ளினார். தெளிவாக இருந்த தண்ணீர் கண்முன்னே நுரைத்துக் கலங்கிவிட்டது. உடனே ஏற்றினார்.

திரையில் வலது பக்க அறைகள் இரண்டும் பால் ஊற்றியது மாதிரி வெளுத்தன. இடது பக்கம் கறுப்பாகவே இருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒன்றும் வரவில்லை.

ஓட்டை இல்லை என்றால் நான் சந்தோஷப்பட வேண்டும் இல்லையா? எனக்கு மனசு விட்டுப்போய்விட்டது. அப்படியானால் உன் கேள்விக்குப் பதில் இல்லை என்றுதானே அர்த்தம். நல்ல சேதி கேட்டு நான் வாடிப்போனது அன்றைக்குத்தான்.

இது சும்மா படுத்திருக்கும்போது பார்த்தது, இனிமேல்தான் முக்கியமானது என்றார் டாக்டரம்மா. மூச்சை அடக்கி முக்க வேண்டும். குமிழி வந்து சேர்ந்ததும் விடுங்கள் என்று சொல்வார்கள், அப்போது சட்டென்று விட வேண்டும். அந்த நொடியில் வலது பக்கம் அழுத்தம் ஏறும். அங்கே கதவு ஏதாவது இருந்தால் அப்போதுதான் திறக்கும்.

உன் அத்தான் முக்கினார். கன்னம் இரண்டும் பலூன் மாதிரி உப்பின. ஏற்றினார்கள், வலது பக்கம் வெளுத்தது, இடது பக்கம் ஒன்றும் இல்லை. எக்கோ எடுக்கிறவர் பாட்டை நிறுத்தினார். கன்னத்தில்தான் இறுக்கம் இருக்கிறது, நெஞ்சுக்கு வரவே இல்லை என்றார். இறுக்கம் சரியாக வந்தால் உள்ளே அறைகள் சுருங்க வேண்டுமாம், அவை சுருங்கவில்லை. இன்னொரு தடவை செய்தார்கள். அதே கதைதான். இவர் பாவம், தண்ணீருக்குள் எக்காரணம் கொண்டும் மூச்சைக் கட்டாதே என்று ஆரம்பத்திலிருந்து அடித்துச் சொல்லிச் சொல்லி எங்களை வளர்த்திருக்கிறார்கள், உடம்பு கேட்க மாட்டேன் என்கிறது என்றார்.

தம்பி, இந்த இடத்தை மட்டும் நிதானமாகப் படி. வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். டாக்டரம்மாவுக்குத் தும்மல் வேறு. ஓட்டை இல்லை என்று எழுதிக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தால் நாங்கள் நன்றி சொல்லிவிட்டு வந்திருப்போம். யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லியிருக்க முடியாது. அவர்கள் அப்படிச் செய்யவில்லை. சரியாகத் தேடாமல் இல்லை என்று சொல்லக் கூடாது என்றார் டாக்டரம்மா. சொல்லிவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இவர் வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்து, என் கையைத் தள்ளுங்கள் பார்க்கலாம் என்றார். இவர் தள்ளினார். இன்னும் என்றார். டாக்டரம்மா, வயிற்றை எப்படித் தள்ளுவது என்று சொல்லிக்கொடுக்க, எக்கோ எடுக்கிறவர் திரையைப் பார்த்து வருகிறது, வரவில்லை, கொஞ்சம் வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நர்ஸ் சிரிஞ்சோடு தயாராக நின்றார். ஒருவர் முகத்திலும் சலிப்பு இல்லை.

எக்கோ எடுக்கிறவர்தான் கேட்டார், தண்ணீரிலிருந்து படகில் எப்படி ஏறுவீர்கள் என்று. ஏணியில்தான் என்றார் இவர். தலைக்கவசம், இடுப்பில் ஈயப் பட்டை, தோளில் கருவிப் பை. தண்ணீருக்குள் கனமே தெரியாது. தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் மொத்தக் கனமும் உடம்பில் ஏறும், கடைசிப் படியில் ஒரே மூச்சாகத் தம் கட்டி எழும்ப வேண்டும்.

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். டாக்டரம்மாவும் அவரையே பார்த்தார்.

"அந்தக் கடைசிப் படிய இப்ப ஏறுங்க" என்றார்.

நர்ஸ் கலக்கினார், ஏற்றினார். இவர் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள்ளேயே ஏணி ஏறினார். கழுத்து நரம்பு புடைத்தது. வலது பக்கம் வெளுத்தது. "விடுங்க" என்றார்கள், விட்டார். இதயம் ஒரு தடவை துடித்தது. அடுத்த துடிப்பில் இடது பக்கக் கறுப்புக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி. அப்புறம் ஒன்று. அப்புறம் இருட்டில் யாரோ ஒரு பிடி உப்பை வீசியது மாதிரி.

எக்கோ எடுக்கிறவர், உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்றார். பார்த்தார்கள். அதே இடத்தில், அதே நேரத்தில் வந்தது.

அதற்குப் பேட்டண்ட் ஃபொராமென் ஓவேல் என்று பேராம். இவர் அதை ஏதோ சரக்குக் கப்பலின் பேர் மாதிரி நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். டாக்டரம்மா ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினார். வயிற்றில் இருக்கும் குழந்தை மூச்சு விடுவதில்லை. நுரையீரலுக்கு அப்போது வேலை இல்லை. அதனால் இரத்தம் வலதிலிருந்து நேராக இடதுக்குப் போக நடுச்சுவரில் ஒரு சின்னக் கதவு இருக்கும். உனக்கும் எனக்கும் எல்லோருக்கும் இருந்ததுதான். பிறந்து முதல் மூச்சை இழுத்ததும் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும், நாளடைவில் ஒட்டிவிடும். நாலு பேரில் ஒருவருக்கு ஒட்டாமலே இருந்துவிடும். பெரும்பாலானவர்கள் அது தெரியாமலே வாழ்ந்து முடித்துவிடுகிறார்களாம்.

ஆழத்திலிருந்து எவ்வளவு நிதானமாக வந்தாலும் நரம்புக்குள் கொஞ்சம் குமிழி உண்டாகத்தான் செய்யும். நுரையீரல் அதை வடிகட்டிவிடும். அன்றைக்குக் கடைசிப் படியில் இவர் தம் கட்டியபோது கதவு திறந்திருக்கிறது, குமிழி இந்தப் பக்கம் வந்து மூளைக்குப் போய்விட்டது, அதுதான் நடந்திருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. எத்தனை அடி ஆழம், எவ்வளவு நேரம், எங்கெங்கே நின்றார் என்பதையெல்லாம் அவர் முன்னாலேயே பார்த்து வைத்திருந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தண்ணிக்குள்ள ஒரு தப்பும் நடக்கல. உங்களை மேல கொண்டுவந்தவர் சரியாத்தான் கொண்டுவந்திருக்கார்."

உன் அத்தான் அந்தப் படம் வரைந்த தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு, "இதை என் மச்சினன் கேக்கணும்" என்றார். மார்பில் இருந்த பசையைத் துடைத்துக்கொள்ளவும் மறந்துபோய் அப்படியே சட்டையைப் போட்டுக்கொண்டார். அன்றைக்குப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன், தட்டிவிடவில்லை.

வீட்டில் பாப்பாவிடம் சொன்னோம். அப்பா நெஞ்சுக்குள்ளே சோடா ஊற்றினார்களா, ஏப்பம் வந்ததா என்று கேட்டாள். பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய் அதைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

இப்போது முன்னால் மூன்று வழி இருக்கிறது. தண்ணீருக்கு முழுக்குப் போடலாம். அல்லது ஆழம் போகாமல், ஏறியதும் எதையும் தூக்காமல், சின்னச் சின்ன வேலையாகப் பார்க்கலாம். அல்லது அந்தக் கதவை மூடிவிடலாம். எதையும் டாக்டரம்மா எங்கள் மேல் திணிக்கவில்லை, யோசித்து வாருங்கள் என்றார். இவர் என்ன சொல்லுவார் என்று உனக்கே தெரியும். முழு மனதாகச் சரி என்றேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். கரையிலேயே ஒரு வேலை பார்த்தால் என்ன என்றுதான் எனக்கு. ஆனால் பழுதுபட்ட இடத்தைப் பார்த்துவிட்டு அதை அப்படியே விட்டு வருகிற ஆள் இல்லை அவர்.

இந்தக் கடிதத்துக்காவது பதில் போடு. கேட்ட கேள்விக்குப் பதில் வந்திருக்கிறது, வாங்கிக்கொண்டேன் என்று ஒரு வரி போதும்.

அன்புடன்
அக்கா

*

தம்பி,

உன் கடிதம் அப்போதே வந்துவிட்டது. நாலே வரி. நான்தான் பதிலைத் தள்ளிப்போட்டேன். இரண்டு விஷயம் முடியட்டும், முடிந்த பிறகு எழுதுவோம் என்று இருந்தேன். அதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன.

முதலில் உன் நாலு வரிக்கு வருகிறேன். டாக்டரம்மா சொன்னதைக் கேட்டு நிம்மதியாக இருப்பாய் என்று பார்த்தால், "அந்தப் பையை நான் வாங்கியிருக்கணும் அக்கா" என்று எழுதியிருக்கிறாய். ஒரு சுமையை இறக்கிவைத்தால் அடுத்ததைத் தோளில் ஏற்றிக்கொள்கிறாயே! கிடங்கு வேலையின் பழக்கமா அது?

உன் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "அவன் கைய நீட்டுனான். நான்தான் குடுக்கல" என்றார். நீ ஏணிக்கு மேல் குனிந்து, குடுங்க அத்தான் என்று கை நீட்டினாயாம். உன் விரல் பையின் வாரில் பட்டதுகூட அவருக்கு ஞாபகம் இருக்கிறது. தன் கருவியைத் தானே கொண்டுவர வேண்டும் என்று அவர் விடவில்லை. நீ கை நீட்டியதை நீ மறந்திருக்கிறாய். அவர் மறக்கவில்லை.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மாவிடமும் உன் கடிதத்தைக் காட்டிக் கேட்டேன். பை இல்லாவிட்டால் காலணியைக் கழற்றக் குனிந்தபோது நடந்திருக்கலாம், ஒரு தும்மலில் நடந்திருக்கலாம், யாராவது ஒரு நகைச்சுவை சொல்லி வயிறு குலுங்கச் சிரித்தால்கூட அந்தக் கதவு திறக்கலாம் என்றார். எழுதியது யார் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, விழுந்த உடனே ஆக்ஸிஜன் கொடுத்துக்கொண்டே கொண்டுவந்தது அவர்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவரை ஒரு நாள் பார்க்க வேண்டும் என்றார். டாக்டர் ஒருத்தர் நோயாளி இல்லாத ஆளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

கதவை மூடிவிட்டார்கள். தொடை இடுக்கில் உள்ள நரம்பு வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை கொண்டுபோய், சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகக் குட்டிக் குடை மாதிரி இரண்டு வட்டை விரித்துச் சேர்த்துவிடுகிறார்கள். காலப்போக்கில் அதன் மேல் சதை மூடிக்கொள்ளும். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போகும் வழியில் எக்கோ எடுக்கிறவர் என்னைப் பார்த்து, கண்ணாடியைத் தொட்டுக் காட்டி, கெட்டியாக இருக்கிறது என்று சைகை செய்தார். கதவு சாத்திய பிறகும் அவர் முணுமுணுப்பு கேட்டது. அது கேட்கிற வரைக்கும் உள்ளே எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் தெரிந்துகொண்டேன். மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். மாத்திரை கொஞ்ச காலம் ஓடியது. அந்த நாட்களில் இவரை வீட்டில் வைத்துச் சமாளித்ததற்கு எனக்கு யாராவது பதக்கம் கொடுக்க வேண்டும். வீட்டில் இருந்த குழாய் எல்லாவற்றையும் கழற்றி மாட்டிவிட்டார். சொட்டாத குழாயும் இப்போது சொட்டுகிறது.

போன வாரம் மறுபடி குமிழி விட்டுப் பார்த்தார்கள். அதே அறை, அதே மூன்று பேர். டாக்டரம்மாவின் குரலை அந்த அறையில் முதல் தடவையாக ஜலதோஷம் இல்லாமல் கேட்டேன், அவ்வளவு மெல்லிய குரல். முக்குவது எப்படி என்று இந்த முறை யாரும் இவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வீட்டிலேயே பயிற்சி எடுத்திருந்தார். முக்கிய முக்கில், போதும் சார், கட்டில் எங்களுக்கு வேணும் என்றார் எக்கோ எடுக்கிறவர்.

வலது பக்கம் வெளுத்தது. விட்டார். நான் இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு துடிப்பு, இன்னொரு துடிப்பு, இன்னொன்று. கறுப்பாகவே இருந்தது. எதுவும் வராமல் இருப்பதை அவ்வளவு ஆசையாக நான் என்றைக்கும் பார்த்ததில்லை. மறுபடி செய்தார்கள். அதற்கு மறுபடியும் செய்தார்கள். மூன்று பேரும் போன தடவை இருக்கிறதா என்று எவ்வளவு பிடிவாதமாகத் தேடினார்களோ, அதே பிடிவாதத்தோடு இல்லையா என்று தேடினார்கள். கடைசியில் டாக்டரம்மா விளக்கைப் போட்டார். ஒன்றுகூட வரவில்லை என்றார். நான் மூவரையும் மாறி மாறிப் பார்த்துக் கும்பிட்டேன், அதற்கு மேல் எனக்குச் செய்யத் தெரியவில்லை. நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தண்ணீருக்குள் இறங்கலாம் என்று முக்குளிப்பவர்களைப் பார்க்கிற டாக்டரும் சம்மதம் கொடுத்துவிட்டார். முதலில் ஆழமில்லாத இடத்தில், கொஞ்ச நேரம். பையைத் தூக்கிக்கொண்டு ஏறக் கூடாது. கேட்டால் கொடுத்துவிட வேண்டும். தலையாட்டியிருக்கிறார்.

குழுவில் கயிறு பிடிக்கப் புதிதாக ஓர் ஆள் சேர்த்திருக்கிறார்கள். நல்ல மனிதர், அனுபவசாலி, வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போனார். உன் அத்தான் அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் இறங்குகிற நாளை இரண்டு தடவை தள்ளிப்போட்டுவிட்டார். ஒரு தடவை தலைக்கவசத்தின் கண்ணாடியில் கீறல் என்றார். நான் கடைக்கு எடுத்துப்போய் விளக்கடியில் வைத்துப் பார்த்தேன், ஒரு கீறலும் இல்லை. அடுத்த தடவை கையுறை இறுக்கமாக இருக்கிறது என்றார். மூன்றாவது தடவை என்ன சொல்லுவார் என்று நானும் காத்திருக்கிறேன்.

வா என்று அவர் எழுதச் சொல்லவில்லை. இந்தக் கடிதம் எழுதுவதும் அவருக்குத் தெரியாது. உன்னைக் கட்டாயப்படுத்தவும் எனக்கு மனசில்லை. கிடங்கில் உனக்குப் பிடித்திருக்கிறது என்றால் அங்கேயே நன்றாக இரு.

என் நிலைமையை மட்டும் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாத முதல் வாரத்தில் பழைய பாலத்தடியில் இறங்குவதாக இருக்கிறது. புது ஆள் கயிறு பிடித்தால் நான் கடைக்கு லீவு போட்டுவிட்டுக் கரைக்குப் போய்விடுவேன். எனக்கு நீச்சல் தெரியாது. கயிறு ஒரு தடவை இழுத்தால் என்ன அர்த்தம், இரண்டு தடவை இழுத்தால் என்ன அர்த்தம் என்றும் தெரியாது. நின்று ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனாலும் அவர் ஏறி வருகிற வரை நின்றுகொண்டிருப்பேன்.

நீ படகில் நிற்கிறாய் என்றால் நான் கரைக்கே வர மாட்டேன். வழக்கம்போல கடையில் உட்கார்ந்து வில்லை தேய்த்துக்கொண்டிருப்பேன்.

நூறு வயசு நல்லபடியாக இரு. பஸ் ஏறினால் ஒரு வார்த்தை சொல், பாப்பாவை நிலையத்துக்கு அழைத்து வருகிறேன்.

உன் அக்கா